ஓசி நெட்டும் ஓர் ஆரஞ்சு விளக்கும்

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அவரைக் கம்பத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாநகராட்சியின் இலவச இன்டர்நெட் பெட்டிகளை விளக்குக் கம்பங்களில் மாட்டுவதும், கெட்டுப்போனால் சரிபார்ப்பதும் அவர் வேலை. அவரையும் ஏணியையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவதும், அவர் மேலே இருக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் என் வேலை. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். எங்களில் யார் மூத்தவர் என்று இன்றுவரை முடிவாகவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஆள் குள்ளம், வாய் நீளம். தெருவில் வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறவன் எவனாக இருந்தாலும் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் போனதில்லை. ஆனால் இடுப்பில் பெல்ட்டைப் பூட்டி ஏணியில் கால் வைத்துவிட்டால் ஒரு வார்த்தை வராது. கீழே இறங்கி, செருப்பை மாட்டிய பிறகுதான் விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்வார்.

அக்காவின் வீட்டுக்காரர் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். வீட்டின் முன்னறைதான் கடை. ரீசார்ஜ்காரர் என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு மட்டும் மச்சான். மனுஷன் வாயைத் திறக்கவே கூலி கேட்பார் போல இருப்பார். வாடிக்கையாளர் நம்பரைச் சொல்ல வேண்டியதில்லை, முகத்தைப் பார்த்ததும் விரல் தானாக அமுக்கும். பெட்டிகள் வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஒரு வீடியோவைப் பார்த்து முடிப்பதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். கம்பெனிக்காரர்கள் வைத்ததுதான் விலை, அவர்கள் கூட்டினால் கூட்டியதுதான். சம்பளம் வந்த அன்று சாயங்காலம் மச்சான் கடையில் நிற்க இடம் இருக்காது.

பிறகு பெட்டிகள் வந்தன. வீட்டுக்காரர் விற்கிற பொருளை ஊருக்கெல்லாம் ஓசியில் கொடுக்கிற வேலையில் வீட்டுக்காரி சேர்ந்தார். இதைவிடப் பெரிய கூத்து வேறு இல்லை என்று நான் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மச்சானும் சிரிப்பார். "நீ ஏறுற ஒவ்வொரு கம்பத்துக்கும் இங்க ஒரு ஆளு குறையுறான்" என்பார், அவ்வளவுதான். கோபம் கிடையாது.

கொஞ்ச நாள் ஊரே கம்பத்தடியில் நின்றது. சாயங்காலமானால் தலையைக் குனிந்துகொண்டு, ஒருவரோடொருவர் பேசாமல், முகத்தில் மட்டும் வெளிச்சத்தோடு கும்பல் கும்பலாக நிற்பார்கள். வேனில் அந்தப் பக்கம் போகும்போது எனக்கு என்னமோ போல இருக்கும். ஹாரன் அடித்தால்கூட நிமிர மாட்டார்கள்.

இதைப் பார்த்துக் கம்பெனிக்காரர்களுக்குக் கிலி பிடித்துவிட்டது. ஒருவன் விலையைக் குறைத்தான், அடுத்தவன் அதைவிடக் குறைத்தான். கடைசியில் ஒரு டீயின் விலைக்கு வாரம் முழுக்கப் பார்க்கலாம் என்று ஆனது. ஜனங்களும் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்தார்கள். விலை இறங்கியதில் மச்சானுக்குக் கமிஷன் என்று சொல்ல ஒன்றும் தேறவில்லை. போதாததற்கு அவரவர் போனிலேயே ரீசார்ஜ் செய்யவும் வழி வந்துவிட்டது. ஓசியும் அவரை அடித்தது, மலிவும் அடித்தது. "ஊரு சந்தோஷப்படுது. ஆனா பொட்டி தொங்குற வரைக்கும்தான் இந்த விலை, பாத்துக்க" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் வேலையைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். முன்பு ஒரு தொழிலாளி கம்பத்திலிருந்து விழுந்து, விடியும்வரை யாரும் தேடாமல் கிடந்தாராம். அதிலிருந்து ஆபீசில் ஓர் ஆப் கொடுத்திருக்கிறார்கள். ஏறுமுன் அதில் 'ஏறியாச்சு' என்று அமுக்க வேண்டும், கீழே வந்ததும் 'இறங்கியாச்சு' என்று அமுக்க வேண்டும், மற்ற ஊழியர் போன்களிலும் அது தெரியும். இன்னொன்று, பெட்டியின் அடியில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். பொதுமக்கள் நெட் எடுத்தால் பச்சை சிமிட்டும். யாரும் எடுக்காவிட்டால் பச்சை அசையாமல் நிற்கும். எங்கள் ஊழியர்களின் போன் சேர்ந்தால் மட்டும் ஆரஞ்சு எரியும், கீழே நிற்கிறவனுக்கும் பெட்டி வேலை செய்கிறது என்று தெரிவதற்காக. சோதிக்கும்போது மட்டும்தான் எங்கள் போனைப் பெட்டியோடு சேர்ப்போம், மற்ற நேரமெல்லாம் அதில் ஓடுவது கம்பெனி நெட்தான்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற ஒரு திருட்டுத்தனமும் உண்டு. வீட்டு ஆளின் போனிலும் ஆபீஸ் ஆப்பை ஏற்றி, அதையும் ஊழியர் போனாக்கிவிடுவது. பொதுமக்களுக்கு இருக்கிற தினசரி வரம்பு அதற்குக் கிடையாது. என் வீட்டுக்காரி பட்டன் போன் வைத்திருப்பதால் நான் யோக்கியன். அக்கா மச்சான் போனில் ஏற்றிக் கொடுத்தார். மச்சான் அதில் படம் பார்த்து நான் கண்டதில்லை. சாயங்காலம் அக்கா எந்தக் கம்பத்தில் இருக்கிறார் என்று மட்டும் பார்ப்பார். 'இறங்கியாச்சு' என்று அதில் வந்த பிறகும் போன் போட்டு, "இறங்கியாச்சா?" என்று கேட்பார். அக்கா "இறங்கியாச்சு, அடுப்பைப் பத்த வைங்க" என்பார். தினமும் இதே பேச்சுதான். "மச்சானுக்கு வேற வார்த்தையே தெரியாதாக்கா?" என்று நான் கிண்டல் செய்வேன்.

ஒரு நாள் ஏணியை வீட்டில் இறக்கிவைக்கப் போயிருந்தேன். அன்றைக்கு அக்கா மழையில் நனைந்து, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கி, நொந்துபோய் வந்திருந்தார். மச்சான் காலிக் கடையில் உட்கார்ந்து கண்ணாடி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "இங்க உக்காந்து ஈ ஓட்டுறதுக்கு, ஷட்டரை இழுத்துவிட்டுட்டு எனக்கு ஏணி பிடிக்கவாவது வரலாம்ல?" என்று கேட்டுவிட்டார். மச்சான் துடைத்த துணியை நான்காக மடித்து மேசையின் ஓரத்தில் வைத்தார். எனக்குத்தான் தர்மசங்கடமாகப் போய்விட்டது.

மறுநாள் காலையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, மச்சான் இல்லை.

தேடாத இடம் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஒரு முறை பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், அது அவர் இல்லை. திரும்பி வரும்போது வேனில் அக்கா சொன்னார்: "அண்ணே, சார்ஜரை எடுத்துட்டுப் போயிருக்காரு. சாகப் போறவன் சார்ஜர் எடுத்துட்டுப் போவானா?" அந்த ஒரு சார்ஜரைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மாதக் கணக்கில் உயிரோடு இருந்தார். போன் போட்டால் முதலில் சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. அப்புறம் ரீசார்ஜ் செய்யாத நம்பர் என்று கம்பெனி அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. ஒரு நாள் மணி அடித்தது. அக்கா "என்னங்க!" என்று கத்திவிட்டார். யாரோ ஒரு சின்னப் பெண், "யாருங்க வேணும்?" என்றது. ஊருக்கே ரீசார்ஜ் செய்தவரின் நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் செத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமியார்க்காரி வீட்டில் ஒரு பக்கம் அரிப்பார். "நீ ஏறின கம்பம்தான் என் புள்ளையை இறக்கிருச்சு" என்பார். அக்கா யாரை வேண்டுமானாலும் வாயடிக்கிறவர், அத்தையிடம் மட்டும் பேசாமல் தட்டை வைத்துவிட்டு வந்துவிடுவார்.

இதற்கு நடுவில் மாநகராட்சிக்கு ஞானம் பிறந்தது. இலவச நெட்டை யாரும் எடுப்பதில்லையாம், டேட்டாதான் மலிவாகிவிட்டதே, பெட்டிகளுக்கு எதற்கு வீண் கரண்டு என்று, ஊரின் ஓரத்திலிருந்து எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். மாட்டிய கையாலேயே அக்கா கழற்ற ஆரம்பித்தார். நாங்கள் கழற்றிவிட்டு வந்த பகுதிகளில் அடுத்தடுத்து டேட்டா விலை ஏறியது. ஊர் அதையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. மச்சான் சொன்னது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

ஊர்க்கோடியில் கிடங்குகள் இருக்கும் பகுதி. அன்றைக்கு வேலை முடிந்து, அக்கா 'இறங்கியாச்சு' அமுக்கி, நாங்கள் கிளம்பி, பெட்டியின் நெட் எட்டாத தூரம் வந்துவிட்டோம். இருட்டுகிற நேரம். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். நாங்கள் மறுநாளைக்கு என்று விட்டுவைத்திருந்த பெட்டியில் ஆரஞ்சு எரிந்தது.

"அக்கா, உங்க போன் எங்க?"

"கையிலதான் இருக்கு. ஏன்?"

என் போனும் சட்டைப்பையில் இருந்தது. எங்கள் வட்டத்தில் ஊழியர் போன் அந்த இரண்டுதான். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேனைத் திருப்பினேன். எங்கள் வேனின் மஞ்சள் விளக்கு அந்தத் தெருவுக்குள் விழுந்ததோ இல்லையோ, ஆரஞ்சு அணைந்து, பச்சை அசையாமல் நின்றது. இரண்டு பக்கமும் பூட்டிய ஷட்டர்கள். ஒரு ஈ காக்கை இல்லை. அக்கா இறங்கி, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். அவர் குரல் தகரக் கதவுகளில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்தது. எனக்கு வேனைவிட்டு இறங்கக் கால் வரவில்லை, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பகுதியைக் கழற்றி முடித்தோம். அடுத்து பஸ் டிப்போ பக்கம். அங்கேயும் சாயங்காலம், அக்கா கீழே வந்து போனை அமுக்கிய கொஞ்ச நேரத்தில், தெருமுனைப் பெட்டியில் ஆரஞ்சு வரும், பிறகு போய்விடும். டிப்போவைக் கழற்றினால் ஆஸ்பத்திரி மதில் ஓரம் வந்தது. பெட்டி இருக்கிற இடத்துக்குத்தானே அது வர முடியும்? நாங்கள் கழற்றக் கழற்ற அது எங்களுக்கு முன்னால் ஊருக்குள் வந்துகொண்டே இருந்தது. போனைத் திருடினவன் எவனாவதாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை இல்லை. திருடினவன் எதற்கு நாங்கள் இறங்குகிற நேரம் பார்த்து வருகிறான்?

மாமியாரிடம் அக்கா சொல்லிவிட்டார். சொல்லியிருக்க வேண்டாம். "ஐயோ, அவன் போய்ட்டான்டி! அதான் வெளிச்சமா வர்றான்!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து சாயங்காலமானால் அந்த வீட்டு ஜன்னல்கள் சாத்தியே இருந்தன.

ஆஸ்பத்திரி மதில் ஓரம் கடைசி நாளன்றுதான் அது நடந்தது. அக்கா கீழே வந்தபோது அவர் போனில் சார்ஜ் செத்திருந்தது. 'இறங்கியாச்சு' அமுக்க முடியவில்லை. வேனில் செருகி வைத்துவிட்டு நிமிர்ந்தால், தெருமுனைப் பெட்டியில் ஆரஞ்சு. வழக்கமாக வந்ததும் போய்விடுகிற விளக்கு அன்றைக்குப் போகவில்லை. வேனைக் கிளப்பிப் பக்கத்தில் போனேன். அப்போதும் போகவில்லை. மதிலுக்கு அந்தப்புறம் மரங்கள், இந்தப்புறம் மாடி மாடியாக இருட்டு ஜன்னல்கள். அந்த ஜன்னல்களில் ஒன்றிலிருந்தோ மரத்தடியிலிருந்தோ யாரோ எங்களைப் பார்க்கிறார்கள் என்று பிடரியில் உறைத்தது. அக்காவின் போன் உயிர் வந்து திறந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே 'இறங்கியாச்சு' என்று அமுக்கினார்.

ஆரஞ்சு அந்த நொடியே அணைந்தது.

அக்கா அப்படியே சீட்டில் சாய்ந்து அழுதார். எத்தனையோ மாதத்தில் நான் பார்த்த முதல் அழுகை. "அவருதான்ணே. நான் இறங்கிட்டேனான்னு பாக்க வர்றாரு. என்னைக் கேக்க நம்பரும் இல்ல, நெட்டுக்குக் காசும் இல்ல. நாம மாட்டின ஓசிப் பொட்டியிலதான் வந்து பாத்துட்டுப் போறாரு. இதைப் பாக்கணும்னு உலகத்துல வேற யாருக்குண்ணே இருக்கு?"

"அப்ப எதிர்ல வர வேண்டியதுதானே?" எனக்குக் கோபம்தான் முந்தியது.

"எதுக்கு வருவாரு? ஏணி பிடிக்கவா?" என்றார் அக்கா. நான் வேனை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

அன்றிலிருந்து எந்தத் தெருவை முதலில் கழற்றுவது என்பதை அக்காவே முடிவு செய்தார். சூப்பர்வைசருக்கு எதை முதலில் கழற்றினால் என்ன, கழன்றால் சரி. நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்து, மீன்பிடிக்கிறவன் வலையைச் சுருக்குகிற மாதிரி சுருக்கிக்கொண்டே போனார். ஆரஞ்சு விளக்கு கறிகாய் மார்க்கெட்டுக்கு வந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வந்தது, எங்கள் வீட்டுப் பக்கத்துத் தெருவுக்கு வந்தது. யாரையோ இருட்டில் நாங்கள் ஓட்டிக்கொண்டு போகிறோம் என்ற நினைப்பு எனக்குச் சாப்பாட்டில்கூட மாறவில்லை. ஒரே ஒரு நாள், மார்க்கெட் சந்தின் கோடியில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் திரும்பிப் போவதைப் பார்த்தேன். நடை தெரிந்த நடை போல இருந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. தப்பாகப் போய்விட்டால்?

கடைசியில் ஊரில் ஒரே ஒரு பெட்டி மிஞ்சியது. அக்கா வீட்டு வாசல் கம்பத்தில் இருப்பது. பூட்டிக் கிடக்கிற ரீசார்ஜ் கடைக்கு நேர் எதிரில்.

"காலைல முடிச்சுடலாம்க்கா" என்றேன்.

"சாயங்காலம் வாங்க."

"இதையும் கழட்டிட்டா, அவரு இருக்காரா இல்லையான்னே அப்புறம் தெரியாம போயிரும். கொஞ்ச நாள் விட்டு வைங்க. நான் சூப்பர்வைசர்கிட்ட ஏதாவது பொய் சொல்றேன்."

"இருக்காருன்னு ஒரு பொட்டு வெளிச்சத்தைப் பாத்துக்கிட்டு நான் எத்தனை காலம்ணே இருக்க?" என்றார். கை பெல்ட் கொக்கியைத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தது. பயப்படத் தெரியாத பொம்பளை என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அவர் பயந்து பார்த்தேன். மச்சான் வரவில்லை என்றால் அதோடு எல்லாம் முடிந்தது. அது அவருக்கும் தெரியும்.

கம்பத்தில் கை வைக்குமுன் தெருவிளக்கு லைனை நிறுத்த வேண்டும். முனையில் இருக்கிற மின்பெட்டியில் சுவிட்சை இறக்கிவிட்டு வந்தேன்; நெட் பெட்டிக்கு லைன் வேறு, அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. தெரு மங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மாமியார் ஜன்னலைச் சாத்தித் தாழ் போடுகிற சத்தம் கேட்டது. அக்கா பெல்ட்டைப் பூட்டி, போனில் 'ஏறியாச்சு' என்று அமுக்கி, ஏணியில் கால் வைத்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார். கைகளைக் கம்பத்தில் கோத்துக்கொண்டு சும்மா நின்றார். பச்சை அசையாமல் நின்றது. வானத்தில் இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போனது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, என்ன நினைத்தாரோ, கதவைச் சாத்திக்கொண்டார். என் கால் மரத்துப்போன நேரத்தில் மேலே ஆரஞ்சு எரிந்தது.

அக்காவின் முகம் அந்த நிறத்தில் தெரிந்தது. தெருவில் எந்தப் பக்கமும் அவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்தார். அப்புறம் வயரைப் பிடுங்கினார்.

கும்மிருட்டு.

"அக்கா, இறங்குங்க."

என் கையில் ஏணி அசையவில்லை.

"அக்கா!"

"நான் ஏறினதை அவரு பாத்துட்டாரு" என்று மேலேயிருந்து மெதுவாகச் சொன்னார். கம்பத்தின் மேலே அவர் பேசி நான் கேட்டதே அன்றுதான். "இறங்கினதைப் பாக்கல. இனிமே பாக்கவும் முடியாது. நான் இறங்கப் போறதில்ல."

கெஞ்சினேன். அதட்டினேன். உங்கள் மாமியாரைக் கூப்பிடுவேன் என்று மிரட்டிக்கூடப் பார்த்தேன். காற்று ஏறியது. ஏணி ஆட ஆரம்பித்தது. ஒருவன் பிடிக்கிற ஏணி எவ்வளவு தாங்கும்? என் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. முதுகுக்குப் பின்னால் தெரு முழுக்க ஆள் நிற்கிற மாதிரியும் இருந்தது, ஒருவருமே இல்லாத மாதிரியும் இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயம். பார்த்தால் ஏணியை விட்டுவிடுவேனோ என்று இன்னொரு பயம். எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

திடீரென்று ஏணி ஆட்டம் நின்றது.

காற்று அடங்கிவிட்டது என்று நினைத்தேன். அடங்கவில்லை, என் சட்டை இன்னும் படபடத்துக்கொண்டுதான் இருந்தது. ஏணியின் அந்தப் பக்கம், என் கைகளுக்கு நேராக, வேறு இரண்டு கைகள் பிடித்திருந்தன. எலும்பு துருத்திய கைகள். சாக்குத் தூசியின் நெடி மூக்கில் ஏறியது. தாடிக்குள் முகம் தெரியவில்லை. அந்த உருவம் என்னைப் பார்க்கவே இல்லை, அண்ணாந்து மேலே பார்த்தது.

"இறங்கியாச்சா?" என்று கேட்டது.

பேசிப் பழக்கம் விட்டுப்போன, கரகரத்த குரல். ஆனாலும் அந்தக் குரலை எந்த இருட்டிலும் எனக்குத் தெரியும். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

மேலே மூக்கை உறிஞ்சுகிற ஓசை கேட்டது.

"இன்னும் இல்லைங்க" என்றார் அக்கா. "கெட்டியா பிடிங்க, வர்றேன்."